மூணாப்பைச் சரிபார்த்தவர்

அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாடம் பாடமாகச் சோதித்துப் பார்த்து, எனக்கு வாய்மொழியாகச் சான்றிதழ் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் கேட்கவே இல்லை. எட்டு வருஷமாக அதே பாடங்களை நடத்திக்கொண்டிருந்தவள் நான். எனக்கு எதற்குச் சான்றிதழ் என்ற திமிர் அப்போது நிறையவே இருந்தது.

நாலு மணிக்கு நீள மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். மகளைக் கூட்டிப்போகத்தான் வருவார். ஆனால் மகளைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்ப்பார். நேற்று நடத்திய பாடத்துக்கு இன்று தீர்ப்பு வரும். “வீட்டுல போயிப் பாத்தேன், டீச்சர். சரியாத்தான் இருக்கு.” பெரும்பாலும் இதுதான். சில நாள் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “நீங்க பாத்தீகளா, டீச்சர்?” என்பார். அது வந்தால் எனக்கு அன்றைக்கு நாள் சரியில்லை என்று அர்த்தம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் தாயார் பெயர் என்ற கட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் தேன்மொழி அம்மாதான். ஒல்லியான உடம்பு, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, நடந்தால் அவருக்கு முன்னால் அந்தச் சத்தம் வரும்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் அந்த ஊர். தெருவுக்குத் தெரு கோட்டை மாதிரி வீடுகள். பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும். அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. வீட்டுக்காரர்கள் சென்னையில். கணவர் கல்யாணச் சமையல் குழுவோடு ஊர் ஊராகப் போகிறவர். பின்கட்டில் ஓர் அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். மீதி வீடு முழுக்க, நடுவில் வானம் தெரியும் வளவு, அதைச் சுற்றி வரிசையாகத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, ஆள் உட்காரக்கூடிய அண்டாக்கள் எல்லாம் அவர் கூட்டித் துடைப்பதற்காகக் காத்துக் கிடந்தன. அந்த வீட்டை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மோதல் ஒரு மார்க்குக்காக வந்தது. சமூக அறிவியல் தேர்வில், ‘உன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?’ என்று ஒரு கேள்வி. தேன்மொழி இரண்டு தெருக்களின் பெயரை எழுதியிருந்தாள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஒரு வீடு ஒரு தெருவில்தான் இருக்கும். சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

மறுநாள் விடைத்தாளோடு அம்மா வந்து நின்றார்.

“ஏன் டீச்சர் இதத் தப்புன்னு போட்டீக?”

“ஏதாவது ஒரு தெருவை எழுதணும்ங்க. ரெண்டும் எழுதினா எப்படி?”

தலை சாய்ந்தது. “நீங்க வந்து பாத்தீகளா, டீச்சர்?”

பார்க்கவில்லை. அதனால் அன்று சாயங்காலம் என்னை அழைத்துப்போனார். சிவன்கோயில் தெருவில் முன்வாசலைத் திறந்தார். முகப்பு, அதைத் தாண்டி வளவு, அதைத் தாண்டி இன்னொரு கட்டு, சாப்பாட்டுக்கூடம், அடுப்படி, கிணற்றடி. நடந்தோம், நடந்தோம், பந்திக்கு ஆயிரம் பேர் உட்காரலாம் போல இருந்தது. கடைசியில் ஒரு கதவைத் திறந்தார். வெளியே ஊருணிக்கரைத் தெரு. அங்கே வேறு பெட்டிக்கடை, வேறு தண்ணீர்க் குழாய், வேறு நாய்.

“இப்பச் சொல்லுங்க, டீச்சர். எந்தத் தெரு?”

“ரெண்டும்தான்” என்று ஒப்புக்கொண்டு, பேனாவை எடுத்து அரை மார்க் போட்டேன். தோற்றவளுக்குக் கொஞ்சம் மானம் வேண்டுமே.

“அரை மார்க்கு எதுக்கு டீச்சர்? வீடு பாதியாவா இருக்கு?”

முழு மார்க் போட்டேன்.

இந்த விளையாட்டெல்லாம் இன்னொரு பதிவேடு அவர் கண்ணில் படும்வரைதான். மெல்லக் கற்போர் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு எங்களிடம் உண்டு. பின்தங்கிய பிள்ளைகளின் பெயரை அதில் எழுதுவோம். வருஷக் கடைசியில் ஓர் அதிகாரி வந்து அந்தப் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறாதவர்களின் பெயர் நாலாம் வகுப்புக்கும் அவர்களோடு போகும். தனி வரிசை, தனிப் பயிற்சித்தாள். ஒரு தடவை அதில் ஏறிய பெயர் இறங்குவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வருஷம் என் வகுப்பில் ஐந்து பெயர்கள். ஐந்தாவது தேன்மொழி.

நான் வேண்டுமென்று எழுதவில்லை. அரைமணி நேரத்தில் பத்துக் கேள்வி கொடுத்தால் அவள் மூன்றுக்குத்தான் பதில் எழுதுவாள். வகுப்பில் ஜன்னல் எத்தனை என்று கேட்டால் மற்றவர்கள் “நாலு!” என்று கூரை அதிரக் கத்துவார்கள். இவள் எழுந்து நின்று, திரும்பி, ஒவ்வொன்றாக எண்ணி, பீரோவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஐந்தாவது ஜன்னலையும் எட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். எழுதிய மூன்றும் சரியாக இருந்ததை நான் கவனித்தேன். எழுதாத ஏழைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்த அன்று அவர் சத்தம் போடவில்லை. சாவிக்கொத்தைக் கையில் பிடித்து நிறுத்திக்கொண்டு சொன்னார்.

“எம் பிள்ள பேரு அந்த நோட்டுல இருக்கக் கூடாது, டீச்சர்.”

“நல்லாப் படிச்சா அதிகாரி வரும்போது எடுத்துடலாம்ங்க.”

“அவ நல்லாத்தான் படிக்கிறா. பாத்துப் படிக்கிறா. அதான் நேரமாகுது. நான் மூணாப்புப் பாதியில நின்னவ. அம்மை போட்டு வீட்டுல கெடந்தேன், பெறகு யாரும் அனுப்பல. மீதிப் பாதியில என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இவ புத்தகத்தத்தான் நானும் பாக்குறேன். அதுல இருக்கறது நெசமா இல்லையான்னு பாக்காம எப்புடித் தெரியும்?” என்றார்.

பயிற்சிக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் வகுப்பு கொஞ்சம் விசேஷமானது. அதுவரை ஒன்றாக இருந்த சூழ்நிலையியல் அங்கே அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரியும். தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று மற்றவையும் கனக்கத் தொடங்கும். அதாவது சரிபார்க்க நிறைய இருந்தது. அவர் ஒன்றையும் விடவில்லை.

தமிழில் எறும்பைப் பற்றி ஒரு பாட்டு நடத்தினேன். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்று விளக்கமும் சொன்னேன். மூன்று வாரம் தாயும் மகளும் கிணற்றடிச் சுவரில் எறும்புகளை வேவு பார்த்திருக்கிறார்கள். பிறகு அறிக்கை வந்தது. “ஆறு தடவ முட்டையத் தூக்குச்சு, டீச்சர். ரெண்டு தடவதான் மழ வந்துச்சு. எறும்பு எதுக்கும் முன்னெச்சரிக்கையாத்தான் இருக்கு. அம்புட்டுத்தான்.”

ஆங்கிலம் நிஜமா என்று எப்படிப் பார்ப்பது? நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டைச் சுற்றிப் பார்க்க அவ்வப்போது வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதியின் முன்னால் மகளை நிறுத்தி, புத்தகத்தில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்கச் செய்திருக்கிறார். வாட் இஸ் யுவர் நேம், வேர் டு யூ லிவ், டு யூ லைக் மேங்கோஸ். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் வாசலில் அவர் முகம் ஜொலித்தது.

“இங்கிலீசு வேல செய்யுது, டீச்சர்! அவுகளும் நம்ம பாடத்துல இருக்கற மாதிரியேதான் பேசுறாக. அதுக்கு மேல அவுகளுக்கும் வரல.”

திசைகள் பாடம்தான் என்னை உட்கார வைத்தது. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று ஆடி மாதத்தில் நடத்தி முடித்துவிட்டேன். அடுத்த நாள் வழக்கமான தீர்ப்பு வரவில்லை. “பாத்துக்கிட்டு இருக்கேன், டீச்சர்” என்றார். ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று, நான் மறந்தே போனேன். மார்கழியில் ஒரு நாள் வந்தார்.

“ஆடியில மொட்டமாடியில நின்னு பாத்தா, பக்கத்து வீட்டு மச்சுக்கு வடக்கால வந்துச்சு. மாசாமாசம் தள்ளித் தள்ளி, இப்ப கோயில் கோபுரத்துக்குத் தெக்கால வருது. இதுல எது டீச்சர் கிழக்கு?”

எட்டு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு நாள்கூடச் சூரியன் உதிப்பதைப் பார்த்ததில்லை. காலையில் எனக்குப் பஸ் பிடிக்கிற அவசரம். பெரிய வகுப்புப் புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, வருஷத்தில் இரண்டே நாள்தான் சூரியன் நேர்க்கிழக்கில் உதிக்கும் என்று மறுநாள் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு யோசித்தார். பிறகு எனக்காக அல்ல, புத்தகத்துக்காக இரக்கப்பட்டார். “அப்ப தப்பில்ல, டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்குச் சுருக்கமாச் சொல்லியிருக்காக. சரியாத்தான் இருக்கு.”

மனித உடம்பில் இருநூற்றாறு எலும்புகள் என்ற பாடத்தில் மட்டும் அவர் கைவிரித்துவிட்டார். கையில் எண்ணி, காலில் எண்ணி, முதுகில் மகளை எண்ணச் சொல்லி, சிரிப்பு வந்து கணக்குத் தப்பிவிட்டதாம். “இத மட்டும் உங்கள நம்பி விட்டுட்டேன், டீச்சர்” என்றார். அதில் எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்வது!

இதெல்லாம் வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது கணக்குப் பாடம். பெருக்கல் வாய்ப்பாடு நடத்தியிருந்தேன். வளவைச் சுற்றியிருந்த தேக்குத் தூண்களில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு மகளுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறார். அந்தச் சமயம் சென்னையிலிருந்து வீட்டுக்கார ஆச்சி செல்போனில் வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார். பேச்சுக்கு நடுவே பின்னால் தூண் தெரிந்திருக்கிறது. தூணில் எண் தெரிந்திருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியாது. அந்தப் பக்கத்தில் பழைய வீட்டைப் பிரித்து விற்கிறவர்கள்தான் முதலில் தூணுக்கு எண் போடுவார்கள். கழற்றின வரிசையிலேயே வாங்கினவர் வீட்டில் நிறுத்த வேண்டும் அல்லவா. காரைக்குடிக் கடைகளில் எண் போட்ட தூண்கள் சாய்ந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் ஆச்சி காரில் வந்து இறங்கிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும், சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டுவர ஆள் வந்தது. நான் போனபோது ஆச்சி வளவின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேன்மொழி அம்மா எதிரில் நின்றார். சாவிக்கொத்து இடுப்பில் இல்லை. ஆச்சியின் மடியில் இருந்தது.

“என்னடி இது, தூணுக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்கே? யாருகிட்ட வெல பேசியிருக்க?”

“ஐயோ, வெலயெல்லாம் இல்ல ஆச்சி. மூணாப்புக் கணக்கு, ஆச்சி.”

“மூணாப்புக் கணக்கா? யாருகிட்டடி காது குத்துற?”

நான் முன்னால் போய், வாய்ப்பாடு நடத்தினது நான்தான், பக்கத்துக்கு எட்டுத் தூண், நாலு பக்கம், நாலெட்டு முப்பத்திரண்டு என்று காட்டத்தான் எண் போட்டிருக்கிறார் என்று படபடவென்று விளக்கினேன். ஆச்சி என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தேன்மொழி என்னை நம்பவில்லை.

“முப்பத்திரண்டு இல்ல, டீச்சர்” என்றாள்.

“என்னடி?” என்றார் ஆச்சி.

“பக்கத்துக்கு எட்டுத்தான் ஆச்சி. ஆனா மூலத்தூணு ரெண்டு பக்கத்துக்கும் வருது. நாலு மூலையும் ரெண்டு தடவ எண்ணிருவோம். நாலக் கழிக்கணும். இருபத்தெட்டு.”

ஆச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். ஒவ்வொரு தூணாகத் தொட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே வளவைச் சுற்றி வந்தார். கடைசித் தூணில் கையை வைத்துக்கொண்டு, “இருபத்தெட்டுத்தான்” என்றார். “எங்க அப்பச்சி கட்டுன வீடு. இந்த வளவுலதான் நான் தவழ்ந்தேன். இம்புட்டு நாளா எனக்குத் தெரியாது பாரு.”

சாவிக்கொத்தை நீட்டினார். “சாக்பீசு போட்டுக்க. ஆணி மட்டும் அடிச்சிராத.”

வெளியே வந்ததும் தேன்மொழி அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார். “முப்பத்திரண்டுன்னு சொன்னீகளே டீச்சர், எண்ணிப் பாத்தீகளா?” நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினேன்.

அதற்குப் பிறகாவது நான் அந்தப் பெயரை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பதிவேட்டில் இருக்கும் பெயரை அதிகாரி பார்த்துத்தான் நீக்க வேண்டும் என்று விதி. விதியைச் சொல்லி ஒளிந்துகொண்டேன் என்பதுதான் உண்மை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாசியில் அதிகாரி வந்தார். எங்கள் தலைமையாசிரியைக்குக் காலையிலிருந்தே பதற்றம். நல்லபடியாக முடியவேண்டும் என்று பிள்ளையாருக்கு உடைக்க ஒரு தேங்காய் வாங்கி வைத்திருந்தார். ஜீப் சீக்கிரமே வந்துவிட்டதால் தேங்காய் உடைபடாமல் மேசைக்கடியில் உருண்டு கிடந்தது.

முதல் நாலு பிள்ளைகளும் வந்து போனார்கள். அவர்களில் ஒருவரும் தேறவில்லை. ஐந்தாவதாகத் தேன்மொழி வந்து நின்றாள். அவள் அம்மா சத்துணவுக் கூடத்தில் காய் நறுக்க உதவுகிற சாக்கில் வந்து, ஜன்னலுக்கு வெளியே முறத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி செல்போனில் நேரம் வைத்தார். பத்துக் கேள்வி, பத்து நிமிஷம். முதல் கேள்வி, எட்டேழு எவ்வளவு. அவள் கீழே குனிந்து தரையைப் பார்த்தாள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒரு வரிசையில் ஏழு கல் வரைக்கும் விரலால் காட்டி, எட்டு வரிசை இறங்கி, “அம்பத்தாறு சார்” என்பதற்குள் ஒன்றரை நிமிஷம் போய்விட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்வி அறிவியல். “இலை, கல், தேங்காய். தண்ணியில எது மிதக்கும், எது மூழ்கும்?”

“எல மெதக்கும் சார். கல்லு முங்கும். தேங்காயக் காட்டுங்க சார்.”

“காட்டணுமா? தேங்காய் எப்படி இருக்கும்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும் சார். இது எந்தத் தேங்காயின்னு தெரியல.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். “எந்தத் தேங்காயா இருந்தாலும் மூழ்கும்மா. கனமா இருக்குல்ல?” என்று சொல்லி, பேனாவைத் திறந்தார். பேனா தாளைத் தொடப் போயிற்று. அப்போதுதான் ஜன்னலிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“சார், நீங்க போட்டுப் பாத்தீகளா?”

தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. அதிகாரி திரும்பினார். கம்பிக்கு வெளியே ஒரு பெண், கையில் முறம், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணில் பயம் இருந்தது. ஆனால் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிற உத்தேசம் இல்லை.

“யாரும்மா நீங்க?”

“இந்தப் பிள்ளயோட அம்மா, சார். நாங்க அண்டாவுல மூணு காயப் போட்டுப் பாத்தோம். ரெண்டு மெதந்துச்சு, ஒன்னு முங்கிருச்சு. அதான் பிள்ள காயக் கேக்குது. தப்பாச் சொன்னா மார்க்கக் கொறைங்க சார். கேட்டதுக்குக் கொறைக்காதீக.”

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. குனிந்து மேசைக்கடியிலிருந்து பிள்ளையார் தேங்காயை எடுத்தேன். தலைமையாசிரியை என் கையைப் பிடிக்கப் பார்த்தார். பிடிபடாமல் அதைத் தேன்மொழியிடம் கொடுத்துவிட்டு, குழாயடியிலிருந்து வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மெல்லக் கற்கிறவள் என்று அவள் பெயரை எழுதிய கையால்தான் அந்த வாளியைத் தூக்கினேன்.

அவள் அவசரப்படவில்லை. தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினாள். இன்னொரு தரம் ஆட்டினாள். “உள்ள தண்ணி தளும்புது சார். தளும்புனா உள்ள காத்து இருக்கு. இது மெதக்கும். தளும்பாத காயின்னா முங்கும்.”

போட்டாள். முழுகினது போல உள்ளே போய், தண்ணீரைச் சிதறிக்கொண்டு மேலே வந்து, உச்சந்தலை தெரிய மிதந்தது.

அதிகாரி நல்ல மனுஷர். சட்டைக் கையை மடித்துவிட்டு, தாமே தேங்காயைப் பிடித்து அடிவரை அமுக்கினார். விட்டார். வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அவருக்கே சின்னப் பிள்ளை முகம் வந்துவிட்டது. பிறகு செல்போனை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்தி, பைக்குள் போட்டார்.

“நீ யோசிச்சே சொல்லும்மா. மீதி எட்டையும் கேக்குறேன்.”

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழுக்குச் சரியாகச் சொன்னாள். கடைசிக் கேள்வி, மனித உடம்பில் எலும்புகள் எத்தனை.

“இருநூத்தாறுன்னு புத்தகத்துல இருக்கு சார்” என்றாள் தேன்மொழி. “நாங்க எண்ணல.”

அதிகாரி அதற்கும் மார்க் போட்டார். பத்துக்குப் பத்து. பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளி, “அந்தப் பேரை நீங்களே அடிங்க, டீச்சர்” என்றார். சிவப்புப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டேன். ஜன்னலைப் பார்த்து, “பேரை எடுத்தாச்சும்மா!” என்று கத்தினேன்.

அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்திருந்தால் அவரை எனக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“காட்டுங்க, டீச்சர். பாக்கணும்.”

காட்டினேன். கோடு போட்ட பெயரை விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். தே, ன், மொ, ழி. தலையாட்டினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே மாதாந்திர அறிக்கையில் அதே பெயர் இன்னொரு தரம் இருந்தது.

“இங்குட்டு இன்னும் இருக்கே, டீச்சர்.”

அதையும் அடித்தேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். அதையும் அடித்தேன். அப்புறம் அவர் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவர் விரல் மேலே போய், கோடு விழாத நாலு பெயர்களின்மேல் ஒவ்வொன்றாக நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“இந்த நாலு பிள்ளைகளையும் நீங்க பாத்தீகளா, டீச்சர்?”

வெளியே தலைமையாசிரியை பிள்ளையாருக்குக் கடனைத் தீர்த்தார். தேங்காய் சிதறுகிற சத்தமும், பிள்ளைகள் சில்லுக்குப் பாய்கிற ஆரவாரமும் கேட்டன.

மறுநாளிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். கடைசி வரிசையில், அந்த நாலு பேரில் ஒருவனான ரஹீம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “எழுதியிருக்கீங்களா டீச்சர்?” என்றான். கண்ணாடி போட்ட பதினைந்தாம் நாள் பத்தி பத்தியாகப் படித்தான். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை சுமித்ரா, கணக்கை நான் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு அவள் மொழியில் கேட்டால் எனக்கு முன்னால் போட்டாள். இன்னொருத்தி தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவதால் தினமும் முதல் பாடவேளையைத் தவறவிட்டிருக்கிறாள்; அந்த முதல் பாடவேளைதான் கணக்கு. நாலாவது பிள்ளை நிஜமாகவே மெதுவாகத்தான் கற்றது. அதனோடு சித்திரை வரை உட்கார்ந்தேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தது, அதற்கும் வந்தது, இரண்டு பேரும் சமாதானமானோம். அதிகாரி இன்னொரு தரம் வந்து போனார். இந்தத் தடவை அவர் பையில் செல்போனோடு ஒரு தேங்காயும் இருந்தது.

பள்ளிக்கூடம் மூடுகிற கடைசி நாள். நீள மணி அடித்ததும் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அவர் கேட்பதற்கு முன் நானே பதிவேட்டைத் திறந்து நீட்டினேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து பெயர்கள், ஐந்து சிவப்புக் கோடுகள். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சுவரைப் பார்த்தார். பட்டியல் இருந்த இடத்தில் வெறும் பசைத் தடம்தான் இருந்தது. அதையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். நான் தேர்வு எழுதின பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

“பாத்தேன், டீச்சர்” என்றார். “சரியாத்தான் இருக்கு.”